ரத்தம் கொட்டும்போது எட்டிப் பார்க்காதீர்கள்

அந்தப் பையனுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். ஜன்னல் கண்ணாடி உடைந்து முன்கையைக் கிழித்திருந்தது. பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் மாமா பிடித்துக்கொள்ள, எங்கள் கேஷுவல்டிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முழங்கைக்கு மேலே ஒரு துண்டு கட்டியிருந்தது. காயத்தின் மேல் களிமண்ணை அப்பியதுபோல் கறுப்பாக ஏதோ இருந்தது.

"காபித்தூள் வச்சோம் டாக்டர். அரை டப்பா காலி. நிக்கவே மாட்டேங்குது" என்றார் அம்மா.

நான் முதலில் அந்தத் துண்டை அவிழ்த்தேன். மாமா பதறிவிட்டார். "அவுக்காதீங்க சார், அதுதான் கொஞ்சமாவது தடுத்து வச்சிருக்கு." துண்டை எடுத்துவிட்டுக் கையைத் தூக்கிப் பிடித்ததும் ரத்தம் பாதியாகக் குறைந்தது. நாலாக மடித்த கட்டுத் துணியை வைத்து நர்ஸ் அழுத்திப் பிடித்தார். பத்து நிமிடத்தில் நின்றே போனது. தையல் போட ஆன நேரத்தைவிட, அந்தக் காபித்தூளைக் கழுவி எடுக்க ஆன நேரம்தான் அதிகம்.

துண்டை எடுத்ததும் ரத்தம் எப்படிக் குறைந்தது? நமக்கு ரத்தம் எடுக்கும்போது லேப்பில் கையில் ஒரு ரப்பர் பட்டை கட்டுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டியதும் நரம்பு புடைத்துக்கொண்டு வரும். ரத்தத்தைத் திருப்பி எடுத்துப் போகும் சிரைகள் தோலுக்குப் பக்கத்தில், மெல்லிய சுவரோடு இருப்பவை. லேசாக இறுக்கினாலே மூடிக்கொள்ளும். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் தமனிகள் ஆழத்தில் இருக்கின்றன, அழுத்தமும் அதிகம். அரைகுறைக் கட்டுக்கு அவை மசியாது. வருகிற வழி திறந்திருக்கிறது, போகிற வழி அடைத்திருக்கிறது. உள்ளே வந்த ரத்தம் காயத்தின் வழியே வெளியேறுகிறது. அதனால்தான் கையில் காலில் அரைகுறையாகக் கட்டுவதைவிடக் கட்டாமல் இருப்பதே மேல் என்கிறேன்.

கணக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அறுபது கிலோ எடையுள்ளவர் உடம்பில் இருப்பது சுமார் 4 லிட்டர் ரத்தம், கொஞ்சம் கூடலாம். அதில் ஒன்றே முக்கால் லிட்டர் போனால் உயிர் ஊசலாடும். 20 கிலோ குழந்தைக்கு மொத்தமே ஒன்றரை லிட்டர்தான். பெரியவர் தாங்கிக்கொள்ளும் அரை லிட்டர், குழந்தைக்கு மூன்றில் ஒரு பங்கு. தொடையில் பெரிய தமனி முழுதாக அறுந்தால் சில நிமிடங்கள்தான் அவகாசம். துடிப்புக்குத் துடிப்பு பீய்ச்சினாலோ, துணி ஊறிச் சொட்டினாலோ, தரையில் தேங்கினாலோ, அடிபட்டவர் வெளிறி, வியர்த்து, உளற ஆரம்பித்தாலோ ஆம்புலன்ஸ் வரட்டும் என்று கைகட்டி நிற்க முடியாது. கறுப்பு பேன்ட்டை நம்பாதீர்கள், லிட்டர் கணக்கில் குடித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும்.

சரி, அழுத்துவது என்றால் எப்படி? முதலில் உடையைக் கிழித்து, ரத்தம் சரியாக எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். காயம் நீளமாக இருக்கும், ஆனால் பீய்ச்சுவது அதில் ஒரு புள்ளியாகத்தான் இருக்கும். ஆளைத் தரையில் படுக்க வையுங்கள். மடியிலோ கார் சீட்டிலோ வைத்து அழுத்தினால் அடியில் மெத்தென்று அமுங்கும், பாதிப் பலம் வீணாகும். கைக்குட்டை, துப்பட்டா, துண்டு, எது கிடைக்கிறதோ அதைக் கெட்டியாக மடித்துப் புள்ளியின் மேல் வையுங்கள். இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கையை மடக்காமல், உங்கள் உடம்பு எடை இறங்குகிற மாதிரி அழுத்துங்கள். அடுத்தவர் ரத்தம் படுமே என்று தயக்கமிருந்தால் இரண்டு கையிலும் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொள்ளலாம், தப்பில்லை.

அதற்கப்புறம் பத்து நிமிடம் கையை எடுக்கக் கூடாது. எல்லோரும் தோற்கிற இடம் இதுதான். ஒரு நிமிடம் அழுத்துவார்கள், "நின்னுருச்சா பாரு" என்று ஒருவர் சொல்வார், தூக்கிப் பார்ப்பார்கள். கிழிந்த குழாயின் வாயில் ரத்தத் தட்டணுக்கள் போய் ஒட்டி, அதன்மேல் நார் வலைபோல் பின்னி, அப்போதுதான் ஒரு மெல்லிய அடைப்பு உருவாகியிருக்கும். துணியைத் தூக்கினால் அதுவும் துணியோடு பிய்ந்து வரும். மறுபடி முதலிலிருந்து. போனில் டைமர் வைத்துவிடுங்கள், மனக்கணக்கில் பத்து நிமிடம் என்பது உண்மையில் மூன்று நிமிடம்தான். துணி ஊறினால் எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து இன்னும் அழுத்துங்கள். அதுவும் ஊறிப் போனால் நீங்கள் அழுத்துகிற இடம் தப்பு. அப்போது மட்டும் துணியை எடுத்து, புள்ளியைத் தேடி, அங்கே அழுத்துங்கள்.

கையிலோ காலிலோ ஆழமாக அறுந்து, இதற்கும் அடங்காமல் பீய்ச்சினால்தான் இறுக்குக் கட்டு, அதாவது டூர்னிகே. கட்டினால் முழுதாகக் கட்ட வேண்டும். காயத்துக்கு மேலே மூன்று விரல் அகலம் தள்ளி. மூட்டின் மேல் வேண்டாம். துணி இரண்டு அங்குல அகலமாவது இருக்கட்டும். ஷூ லேஸ், வயர், சணல் எல்லாம் சதையை அறுக்கும். பெல்ட்டை எவ்வளவு இழுத்தாலும் போதிய இறுக்கம் வராது. துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் கரண்டிக்காம்போ கெட்டிக் குச்சியோ வைத்து இன்னொரு முடிச்சுப் போட்டு, ரத்தம் நிற்கும்வரை திருகுங்கள். வலியில் கத்துவார்கள். கத்தாவிட்டால்தான் எனக்குச் சந்தேகம். நின்றதும் குச்சி சுழலாமல் கட்டிவிட்டு, நேரத்தை எழுதுங்கள். ஒருமுறை ஒரு மில் தொழிலாளியின் நெற்றியில் பால்பாயிண்ட் பேனாவால் "7.40" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். ஒரு பக்க ரெஃபரல் கடிதத்தைவிட அது உபயோகமாக இருந்தது. பொதுவாக இரண்டு மணி நேரம் வரை கை கால் தாங்கும்.

நாங்கள் படித்த காலத்தில் என்.சி.சி. வகுப்பில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தளர்த்திவிடச் சொல்லிக் கொடுத்தார்கள். அதை மறந்துவிடுங்கள். தளர்த்தும் ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளர் ரத்தம் போகும். ஒருமுறை சரியாக இறுக்கியதை ஆஸ்பத்திரியில்தான் அவிழ்க்க வேண்டும். பாம்புக்கடிக்கு இந்தக் கட்டு வேண்டவே வேண்டாம், அது தனிக் கதை.

காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சிமென்ட் கூட. காயத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். காபித்தூளால் ரத்தம் நின்றது என்று சொல்பவர்களுக்கு, அதை வைத்து அழுத்திய கைதான் ரத்தத்தை நிறுத்தியது. குத்தி நிற்கிற கம்பியை, கண்ணாடியைப் பிடுங்காதீர்கள். அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு பக்கமும் துணி வைத்து, அசையாமல் கட்டி, அப்படியே கொண்டுவாருங்கள். மயக்கமாக வருகிறது என்பவருக்குச் சோடா கொடுக்காதீர்கள், ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகலாம். போர்வை போர்த்துங்கள். உடம்பு சில்லிட்டால் ரத்தம் சரியாக உறையாது.

அதிகம் பேசப்படாத ஒன்று, காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருப்பவர்கள், வெரிகோஸ் வெயின். நாள் முழுக்க நிற்கும் டீ மாஸ்டர்கள், பாத்திரம் தேய்க்கும் அக்காமார். கணுக்கால் பக்கம் சின்னதாகச் சொறிந்திருப்பார்கள், குழாயைத் திறந்ததுபோல் கொட்டும். பயந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு அழுத்துவார்கள், நிற்காது. படுக்கவைத்துக் காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி ஒரு விரலால் அழுத்தினால் போதும், ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். இவ்வளவு சுலபமான ஒன்றில் உயிர் போவதுதான் என்னால் தாங்க முடியாதது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள், இதய வால்வு மாற்றி ஆசிட்ரோம் சாப்பிடுபவர்கள் எல்லாம் ரத்தம் எளிதில் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், அவர்களுக்குப் பத்து நிமிடம் போதாது. விடாமல் பிடியுங்கள், மாத்திரை அட்டையையும் எடுத்துவாருங்கள்.

விரல் துண்டானால், அதை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். நேராக ஐஸில் போட்டால் சதை வெந்ததுபோல் ஆகிவிடும், ஒட்டவைக்க முடியாது.

கட்டுப் போடவே வழியில்லாத இடங்கள் உண்டு. அக்குள், கழுத்தடி, தொடை இடுக்கு. மஞ்சுவிரட்டில் கொம்பு இறங்குவது பெரும்பாலும் இந்தத் தொடை இடுக்கில்தான். அங்கே துணியைக் காயத்தின் மேல் வைத்தால் பத்தாது, உள்ளே திணிக்க வேண்டும். விரலால் ஆழம்வரை கொண்டுபோய், குழி நிரம்பும்வரை அடைத்து, அதன்மேல் முழு எடையையும் போட வேண்டும். நெஞ்சிலும் வயிற்றிலும் மட்டும் இப்படித் திணிக்கக் கூடாது. அடைபடாமல் உள்ளேயே கொட்டும்.

இதை யாரிடமும் கற்காத ஒருவர் செய்து பார்த்திருக்கிறேன். பைக் விபத்து, பிரேக் லிவர் ஒரு பையனின் தொடை இடுக்கில் ஏறிவிட்டது. லோடு ஆட்டோ ஓட்டுகிறவர் தன் துண்டை உள்ளே திணித்து, மேலே முட்டி போட்டு உட்கார்ந்து, ஆம்புலன்ஸ் வந்த பிறகும் இறங்காமல், கையால் அழுத்தியபடி ஸ்ட்ரெச்சரோடேயே வந்துவிட்டார். "எடுங்கண்ணே, நாங்க பாத்துக்கிறோம்" என்றதும், "நெசமாவே எடுக்கலாமா சார்?" என்றார். விரல்கள் நிமிரவில்லை. நர்ஸ்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

கை கழுவிக்கொண்டே அவர் கேட்டது, "போலீஸ் கேஸ் ஆகுமா சார்?" உங்கள் மேல் ஆகாதண்ணே என்றேன். சாலை விபத்தில் உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் வழிமுறைகளை உறுதி செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவும் சேர்ந்துவிட்டது. பெயரைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது, பணம் கட்டச் சொல்லவும் முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து இன்னுயிர் காப்போம் திட்டத்தில், அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அடிபட்டவருக்கும் இலவசம்.

"அப்ப பேரு வேணாம் சார்" என்றவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். துண்டு கிடைக்குமா என்று கேட்டார். அது அப்போது ஆபரேஷன் தியேட்டருக்குள், அந்தப் பையனின் தொடைக்குள் இருந்தது.