சோலோ எண்டார்ஸ்மென்ட்டும் கொருக்குப்பேட்டை சீசன் டிக்கெட்டும்

"சார், சோலோ எண்டார்ஸ்மென்ட் முடிஞ்சு போச்சு. லாக்புக் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புறேன், ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

பொங்கலுக்கு ஊருக்கு வந்து தண்டையார்பேட்டை வீட்டில் இருந்துகொண்டு, அமெரிக்காவில் இருக்கும் விமானப் பயிற்சி இன்ஸ்ட்ரக்டருக்கு மாணவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தி இது. சோலோ எண்டார்ஸ்மென்ட் என்பது மாணவ பைலட் தனியாகப் பறக்க இன்ஸ்ட்ரக்டர் அவருடைய லாக்புக்கில், அதாவது பறத்தல் பதிவேட்டில், எழுதிக் கொடுக்கும் ஒப்புதல். அது காலாவதியாகிவிட்டதாம். யாரோ ஒருவர் கேட்டால் பொறுமையாக விளக்கலாம். ஒவ்வொரு ஜனவரியும் வரிசையாகக் கேட்கிறார்கள். இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன். நான் சொல்லப்போவது அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் விதி. இங்கேயே பயிற்சி எடுப்பவர்கள் தங்கள் பயிற்சிப் பள்ளியின் நடைமுறைக் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

மாணவ பைலட் தனியாகப் பறக்க வேண்டுமானால், அந்த விமான மாடலில் அவருக்குப் பயிற்சி கொடுத்த இன்ஸ்ட்ரக்டர் பறக்கும் நாளுக்கு முந்தைய 90 நாளுக்குள் லாக்புக்கில் ஒப்புதல் எழுதியிருக்க வேண்டும். விதி எண் 61.87. அதன் பிறகும் ஒவ்வொரு 90 நாளுக்கும் ஒருமுறை இன்ஸ்ட்ரக்டர் அதைப் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். கையில் இருக்கும் பிளாஸ்டிக் மாணவ பைலட் அட்டை இதற்கு ஈடாகாது. அட்டை இருந்தும் எண்டார்ஸ்மென்ட் செத்துப் போயிருந்தால் தனியாக ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

தலைவலி "மூன்று மாதம்" என்ற சொல்லில் தொடங்குகிறது. கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் மூன்று மாத சீசன் டிக்கெட் எடுத்துப் பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்கு 90 நாள் என்றாலே மூன்று மாதம்தான். இல்லை. நாள் கணக்கு வேறு, மாதக் கணக்கு வேறு. காலண்டரை எடுத்து எண்ணுங்கள். அக்டோபர் 25 அன்று எண்டார்ஸ்மென்ட் வாங்கினீர்கள். அக்டோபரில் மீதி 6 நாள். நவம்பர் 30 சேர்த்தால் 36. டிசம்பர் 31 சேர்த்தால் 67. இன்னும் 23 நாள். ஆக ஜனவரி 23 கடைசி நாள். ஜனவரி 25 இல்லை. ஜனவரி 31 நிச்சயமாக இல்லை.

மாதக் கடைசி வரை ஓடும் என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். மெடிக்கல் சான்றிதழ் அப்படித்தான், முடியும் மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும். உரிமம் வாங்கியவர்கள் 24 மாதத்துக்கு ஒருமுறை செய்யும் ஃப்ளைட் ரிவ்யூவும் அப்படித்தான். சீனியர் மாணவர்கள் ஹாஸ்டலில் அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுவிட்டு, தன் எண்டார்ஸ்மென்ட்டுக்கும் அதே சலுகை உண்டு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இதில் மாதம் என்ற சொல்லே கிடையாது. நாள், நாள், நாள்.

இன்னொரு குழப்பம்: "90 நாளில் மூணு டேக்ஆஃப், மூணு லேண்டிங் பண்ணிட்டேன், அது போதாதா?" அது விதி 61.57. உரிமம் பெற்ற பைலட் பயணியை ஏற்றிச் செல்வதற்கானது. மாணவ பைலட் பயணியை ஏற்றவே கூடாது. அந்த விதிக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் தனியாக முப்பது லேண்டிங் செய்திருந்தாலும் எண்டார்ஸ்மென்ட் தானாக ஒரு நாள்கூட நீளாது.

ஒரு நாள் தாண்டினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு. தனியாகப் பறக்கும் நேரத்தை மாணவர் பைலட்-இன்-கமாண்ட் நேரமாக, அதாவது விமானத்துக்குத் தானே பொறுப்பான பைலட்டாகப் பறந்த நேரமாக எழுத, செல்லுபடியாகும் சோலோ எண்டார்ஸ்மென்ட் ஒரு நிபந்தனை. விதி 61.51 அப்படித்தான் சொல்கிறது. அது இல்லாமல் பறந்த நேரம் விதிமீறல், அதை அந்தக் கணக்கில் எழுதவும் முடியாது. பிரைவேட் பைலட் தேர்வு நாளில் எக்ஸாமினர் விமானத்தில் ஏறுவதற்கு முன் லாக்புக்கைத்தான் புரட்டுவார், தேதிகளைத்தான் ஒப்பிடுவார். பின்னால் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.விடம் கமர்ஷியல் உரிமம் கேட்கும்போது 100 மணி நேர பைலட்-இன்-கமாண்ட் கணக்கில் அந்தப் பக்கமும் வந்து நிற்கும். தேதி தாண்டிப் பறந்த அந்த நாளில் விமானத்துக்கு ஏதாவது ஆகி, காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதும் இந்தத் தேதியாக இருந்தால்? வீட்டை அடமானம் வைத்து அனுப்பிய அப்பாவுக்கு அதைச் சொல்ல உங்களால் முடியாது.

இப்போது அந்த வாட்ஸ்அப் கையெழுத்து. ரப்பர் ஸ்டாம்ப் என்று நினைத்தால்தான் அப்படிக் கேட்கத் தோன்றும். 'இவர் இந்த மாடலில் தனியாகப் பறக்கத் தகுதியோடு இருக்கிறார்' என்று இன்ஸ்ட்ரக்டர் தன் சான்றிதழ் எண்ணோடு எழுதிக் கொடுக்கும் வாக்கு அது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்க்காமல் எப்படி எழுதுவது? காசிமேட்டு மீனவக் குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கிறது. தடை முடிந்த அன்று இன்ஜினை ஓட்டிப் பார்க்காமல் யாரும் ஆழ்கடலுக்குப் போவதில்லை. படகுக்குக் காட்டும் அந்தக் கவனத்தை உங்கள் கைகளுக்கும் காட்டுங்கள்.

கை மறக்கும். எது முதலில் மறக்கும் என்றும் சொல்ல முடியும். ஃபைனலில், அதாவது ரன்வேயை நேராகப் பார்த்து இறங்கும் கடைசிக் கட்டத்தில், வேகம். 65 நாட் (மணிக்கு 65 நாட்டிகல் மைல்) வேகத்தில் வர வேண்டியவர் பயத்தில் 75-இல் வருவார், விமானம் ரன்வே மேல் மிதந்துகொண்டே போகும். தனியாக இருக்கும்போது பக்கத்து சீட்டின் எடையும் இல்லை, இன்னும் மிதக்கும். அடுத்தது ஃப்ளேர் உயரம், அதாவது தரையைத் தொடும் முன் மூக்கைத் தூக்க வேண்டிய உயரம். இந்த இரண்டும் தவறினால் துள்ளும், துள்ளினால் கோ-அரவுண்ட், அதாவது இறங்குவதை விட்டுவிட்டு மறுபடி மேலே ஏறுவது. ஆபத்து அங்கேதான். செஸ்னா 172எஸ்-இல் முழு த்ராட்டில் கொடுத்ததும், லேண்டிங்குக்கு வைத்திருந்த ட்ரிம் (மூக்கின் நிலையைப் பிடித்து வைக்கும் அமைப்பு) மூக்கைத் தூக்கும். கன்ட்ரோலை முன்னால் தள்ள வேண்டும், கூசாமல் தள்ள வேண்டும். மூக்கு இடப்பக்கம் திரும்பாமல் இருக்க வலது ரடர் பெடலை மிதிக்க வேண்டும். இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கியிருக்கும் ஃப்ளாப்பை உடனே 20 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும், விமானக் கையேட்டில் சொன்ன வேகத்தில் ஏற வேண்டும், பிறகு 10. தடைகளைத் தாண்டி, பாதுகாப்பான உயரமும் வேகமும் வந்த பிறகே முழுதாக மேலே. பதற்றத்தில் மொத்த ஃப்ளாப்பையும் ஒரே தட்டில் தூக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தரைக்கு 30 அடி மேலே அந்தத் தவறுக்கு இடமில்லை.

அதனால் புதுப்பிக்கும் நாளில் குறைந்தது ஒரு மணி நேரமாவது கூடப் பறப்போம். முதல் சோலோவுக்கு முன் செய்த 15 வகைப் பயிற்சிகளையும் திரும்பச் செய்யச் சொல்லி விதி கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் குறுக்குக் காற்று லேண்டிங், ஸ்டால் மீட்பு (இறக்கை தூக்குவிசையை இழந்தால் மீள்வது), இன்ஜின் நின்றதாக வைத்து இறங்குவது, ஸ்லிப் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்து உயரம் குறைப்பது), முழு ஃப்ளாப்போடு கோ-அரவுண்ட், ரேடியோ பேச்சு, இவற்றை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடும் இன்ஸ்ட்ரக்டரிடம் நீங்கள் போகாமல் இருப்பதே நல்லது. காற்று வரம்பையும் அன்றைக்கே புதிதாக எழுதி வாங்குங்கள். இன்ஸ்ட்ரக்டர் லாக்புக்கில் எழுதும் வரம்பை மீறுவதும் விதிமீறல்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செஸ்னா 152-க்கு வாங்கிய எண்டார்ஸ்மென்ட்டில் 172-ஐ எடுக்காதீர்கள். பள்ளியில் 152 ரிப்பேர் என்று கவுன்ட்டரில் வேறு சாவியைக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். இரவு சோலோவுக்கும், பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கிளாஸ் பி வான்வெளிக்கும் தனித்தனி எண்டார்ஸ்மென்ட், அவற்றுக்கும் 90 நாள்தான். கிராஸ் கன்ட்ரி (தொலைதூரப் பயண) எண்டார்ஸ்மென்ட் இருப்பதால் சோலோ எண்டார்ஸ்மென்ட் உயிரோடு இருக்கும் என்று நினைக்காதீர்கள். 25 நாட்டிகல் மைலுக்கு மேல், அதாவது ராயபுரத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் திருவள்ளூரைக் கொஞ்சம் தாண்டும் தூரத்துக்கு மேல், தனியாகப் போக இரண்டுமே வேண்டும். அதோடு ஒவ்வொரு பயணத்துக்கும் இன்ஸ்ட்ரக்டர் உங்கள் திட்டத்தைப் பார்த்துத் தனியாக எழுத வேண்டும். 50 நாட்டிகல் மைலுக்குள், பழகிய ஒரே வழியில் திரும்பத் திரும்பப் போவதற்கு மட்டும் விலக்கு உண்டு. தனியாகப் போகும் எல்லா கிராஸ் கன்ட்ரி பயணங்களிலும் லாக்புக்கும் மாணவ அட்டையும் விமானத்துக்குள் இருந்தாக வேண்டும், ஹாஸ்டல் அலமாரியில் இல்லை.

சக இன்ஸ்ட்ரக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏர்லைனில் வேலை கிடைத்துப் போகும்போது உங்கள் மாணவர்களின் காலாவதித் தேதிகளை அடுத்தவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். புதிதாக வருபவர், தான் கூடப் பறக்காத மாணவருக்குப் பழைய பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது. மாடல் பெயரை முழுதாக எழுதுங்கள். கடைசி நாளையும் எண்டார்ஸ்மென்ட்டிலேயே எழுதுங்கள், விதி கேட்காவிட்டாலும் எழுதுங்கள். மூன்று வருடம் உங்கள் பதிவையும் வைத்திருக்க வேண்டும்.

தம்பிகளே, தங்கைகளே, டிக்கெட் போடுவதற்கு முன் லாக்புக்கைத் திறந்து கடைசி நாளை எண்ணுங்கள். அக்கா கல்யாணமோ பொங்கலோ, வாருங்கள், யாரும் தடுக்கவில்லை. கிளம்பும் வாரத்தில் இன்ஸ்ட்ரக்டரோடு பறந்து புதுப்பித்துவிட்டு வந்தால் 90 நாள் புதிதாகத் தொடங்கும். அப்படியும் ஒரு மாதம் கழித்துத் திரும்பினால் முதல் பறத்தல் தனியாக வேண்டாம். தேதி இருந்தாலும் வேண்டாம். விமான வாடகையும் இன்ஸ்ட்ரக்டர் கட்டணமும் சேர்த்து ஒன்றரை மணி நேரச் செலவு வரும், அதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி, திரும்பும் டிக்கெட் பணத்தோடு சேர்த்து எடுத்து வையுங்கள்.