பரங்கிக்காயின் வாயில் வழியும் புகை

நியூ ஜெர்சியில் வசிக்கும் வாசகர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். அவர்கள் தெருவில் ஹாலோவீன் அலங்காரம் தொடங்கிவிட்டதாம். எதிர்வீட்டுப் புல்வெளியில் தெர்மோகோல் கல்லறைகள், மரக்கிளையில் தொங்கும் எலும்புக்கூடுகள், சன்னலெங்கும் பஞ்சில் இழுத்த சிலந்தி வலை. அடுத்த வீட்டு வாசற்படியில் கண், மூக்கு, வாய் குடைந்த ஒரு பெரிய பரங்கிக்காய். அதன் வாயிலிருந்து வெள்ளைப் புகை வழிந்து, படி படியாக இறங்கி, புல்லின்மேல் படர்ந்துகொண்டிருந்தது. அது டிரை ஐஸ் புகை என்றும், டிரை ஐஸ் என்பது உறைந்த கரியமில வாயு என்றும் அவர் தன் எட்டு வயது மகளுக்குச் சொல்லியிருக்கிறார். அவள் விடவில்லை. "நாம மூச்சு விடும்போதும் அந்த வாயுதானே வருது? அது கண்ணுக்குத் தெரியலையே. இது மட்டும் ஏன்ப்பா வெள்ளையா இருக்கு?"

அருமையான கேள்வி. இதற்குப் பல பாடநூல்களும் இணையப் பக்கங்களும் சொல்லும் பதில் பாதிதான் சரி என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பண்டிகையைப் பற்றி இரண்டு வரி. அக்டோபர் 31 இரவு, அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளை. அன்று இறந்தவர்கள் உலகத்துக்கும் நம் உலகத்துக்கும் இடையிலான கதவு திறந்துகொள்ளும் என்று அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பழங்காலத்தில் நம்பினார்கள். டர்னிப் கிழங்கைக் குடைந்து பயங்கரமான முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஐரிஷ் மக்களுக்கு அங்கே பரங்கிக்காய் கிடைத்தது. கிழங்கைவிடப் பெரியது, குடைய எளிது; அதையே பிடித்துக்கொண்டார்கள். பரங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்துக் காய். நம்மூருக்கு அது ஐரோப்பியர்களோடு வந்தது. பெயரிலேயே பரங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது. புது வீட்டு வாசலில் நாம் கட்டும் திருஷ்டிப் பூசணியிலும் அதே உருட்டு விழி, அதே பல். கெட்டதை மிரட்டி விரட்ட ஒரு காய்க்கு முகம் வரையலாம் என்று உலகின் இரண்டு மூலைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. அந்தக் கற்பனை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஆயுத பூஜைக்கு மறுநாள் சாலையில் உடைந்து கிடக்கும் பூசணியில் பைக் சறுக்கி விழுகிறவர்களை நினைத்தால் கோபம்தான் வருகிறது. முகம் வரையுங்கள், வாசலில் தொங்கவிடுங்கள். நடுரோட்டில் மட்டும் தயவுசெய்து உடைக்காதீர்கள்.

சரி, டிரை ஐஸுக்கு வருவோம். கரியமில வாயு சாதாரணக் காற்றழுத்தத்தில் திரவமாக இருக்காது. அதற்குக் காற்றழுத்தத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும். அதனால் மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸில் இருக்கும் அந்த வெள்ளைக் கட்டி உருகாமல் நேராக வாயுவாகிறது. பீரோவில் போட்ட பாச்சை உருண்டை கரைவதும் இதே பதங்கமாதல்தான். ஒரு கிலோ டிரை ஐஸ் முழுவதும் வாயுவானால் சுமார் 540 லிட்டர் வரும். அந்த வாயுவுக்கு நிறமில்லை. அந்தக் குழந்தை சொன்னது முற்றிலும் சரி. வெள்ளையாகத் தெரிவது நீர். கண்ணுக்குத் தனித்தனியாகப் புலப்படாத கோடிக்கணக்கான நீர்த்துளிகள் வெளிச்சத்தை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன. மேகம் ஏன் வெள்ளையோ அதே காரணம்.

அந்த நீர் எங்கிருந்து வந்தது?

பாடநூல் பதில் இது: டிரை ஐஸ் பக்கத்திலுள்ள காற்றைக் குளிர்விக்கிறது, காற்றிலிருக்கும் ஈரப்பதம் துளிகளாகிறது, அதுதான் புகை. நானும் பல வருடங்கள் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தட்டில் டிரை ஐஸ் துண்டை வெறுமனே வைத்தால் இது உண்மையும்கூட. கட்டியைச் சுற்றி மெல்லிய நூல்போல் புகை இறங்கும். ஆனால் நாடக மேடைக்கும் சினிமா கனவுப் பாட்டுக்கும் அந்த நூல் போதாது. அங்கே டிரை ஐஸை வெந்நீரில் போடுவார்கள். போட்டதும் புகை பொங்கிக்கொண்டு வரும். தண்ணீரில் வாயு வேகமாக வெளியேறுகிறது, அதனால் காற்று அதிகம் குளிர்கிறது, அதனால் புகை அதிகம் என்று இதற்கும் ஒரு விளக்கம் சொல்லிவிடலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

எண்ணெயில் போட்டுப் பார்த்தால் இந்த விளக்கம் தடுமாறும். அறை வெப்பத்தில் இருக்கும் சமையல் எண்ணெயில் ஒரு துண்டைப் போட்டால் அங்கேயும் குமிழிகள் புறப்படும், வாயு வரும், மேலே அதே ஈரக்காற்றுதான் இருக்கும். ஆனால் புகை பெயரளவுக்குத்தான். குமிழிகள் கண்ணாடி மணிபோல் தெளிவாக மேலே வந்து உடைகின்றன. காற்றின் ஈரம்தான் காரணமென்றால் எண்ணெய்ப் பாத்திரத்துக்கு மேலேயும் புகை நன்றாகத் திரண்டிருக்க வேண்டும்.

2015-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கற்பிக்கும் வேதியியலாளர் தாமஸ் குன்ட்ஸில்மனும் உடன் ஆய்வு செய்தவர்களும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, வேதியியல் கல்விக்கான ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் வந்தடைந்த முடிவு: புகையின் நீர் பெரும்பாலும் பாத்திரத்திலிருக்கும் தண்ணீரிலிருந்தே வருகிறது. புகை பிறக்கும் இடம் தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்று அல்ல. தண்ணீருக்குள் இருக்கும் குமிழி.

அந்தக் குமிழிக்குள் நடப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். டிரை ஐஸ் தண்ணீரைவிட அடர்த்தியானது, அடியில் போய் உட்காரும். சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் ஒட்டாமல் முத்துமுத்தாக உருண்டோடுமே, துளிக்கும் கல்லுக்கும் நடுவில் ஆவி மெத்தை ஒன்று இருப்பதால் அப்படி ஓடுகிறது. இங்கே டிரை ஐஸுக்குத் தண்ணீர்தான் சூடான கல். கட்டியைச் சுற்றி வாயு மெத்தை உருவாகிறது. அது பிய்ந்து பிய்ந்து குமிழிகளாக எழுகிறது. ஒவ்வொரு குமிழியும் ஒரு சின்ன அறை. அறைக்குள் கடுங்குளிரான, ஈரமே இல்லாத வாயு. சுவர்களோ வெந்நீர். சுவரிலிருந்து நீராவி உள்ளே புகுகிறது. புகுந்த கணமே குளிரில் சிக்கித் துளியாகிறது. குமிழி மேலே வந்து உடையும்போது தயாராக இருக்கும் ஒரு குட்டி மேகத்தை வெளியே விடுகிறது. ஆயிரக்கணக்கான குட்டி மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக. அதுதான் பரங்கிக்காயின் வாயில் வழிந்தது.

குளிர்ந்த வாயுவும் நீராவியும் கலந்தால் ஏன் துளி உண்டாக வேண்டும்? இங்கேதான் கணக்கு அழகாக இருக்கிறது. 40 டிகிரியில் ஒரு கன மீட்டர் வெளியில் ஏறக்குறைய 51 கிராம் நீராவி இருக்க முடியும். 20 டிகிரியில் 17 கிராம். சுழியத்தில் 5 கிராம்கூட இல்லை. வெப்பம் குறைவதைவிடப் படுவேகமாக அந்த இடத்தின் கொள்ளளவு குறைந்துவிடுகிறது. இப்போது 40 டிகிரியில் நீராவி நிறைந்த பாதியையும், சுழியத்தில் உலர்ந்த பாதியையும் கலப்போம். கலவை 20 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். நீராவி 51-இல் பாதி, அதாவது 25 கிராம் சொச்சம். ஆனால் அங்கே 17-க்குத்தான் இடம். மிச்சம் 8 கிராம் எங்கே போகும்? துளியாகத்தான் ஆக வேண்டும். யாரும் தனியாகக் குளிர்விக்கவில்லை. இரண்டையும் கலந்தது மட்டும்தான். ஊட்டியில் காலை ஆறு மணிக்குப் பேசினால் வாயிலிருந்து புகை வருவது இதனால்தான். உயரத்தில் பறக்கும் விமானம் பின்னால் வெள்ளைக்கோடு விட்டுப் போவதும் இதே கலவைக் கணக்குதான். டிரை ஐஸ் குமிழியில் குளிர்ந்த பக்கம் சுழியம்கூட இல்லை, அதற்கும் எவ்வளவோ கீழே. அதனால் உள்ளே வரும் நீராவியில் பெரும்பங்கு துளியாகிவிடுகிறது.

வெந்நீர் ஏன் வேண்டும் என்பதும் இப்போது புரியும். 50 டிகிரித் தண்ணீர் 20 டிகிரித் தண்ணீரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு நீராவியைக் குமிழிக்குள் அனுப்ப முடியும். பத்து நிமிடம் கழித்துப் புகை மெலிவதும் இதனால்தான்: தண்ணீர் ஆறிவிட்டது. டிரை ஐஸ் மிச்சமிருக்கும், குமிழியும் வந்துகொண்டிருக்கும், ஆனால் சுவரிலிருந்து வரும் ஆவி குறைந்துவிட்டது. மேலே காற்றின் ஈரம் அப்படியேதான் இருக்கிறது. புகையின் தலைவிதியைத் தண்ணீரின் சூடுதான் எழுதுகிறது.

இந்த இடத்தில் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்விக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஒரு வாளி, ஒரு வெப்பமானி, கொஞ்சம் டிரை ஐஸ், கேட்கத் தயங்காத ஒரு ஆசிரியர். ஆனாலும் பல பத்தாண்டுகளாக வகுப்பறைகளில் செய்து காட்டப்பட்டுவந்த ஒன்றைப் பற்றி 2015-இல்தான் இப்படி ஒரு கட்டுரை வந்திருக்கிறது. நம் நாட்டில் ஆராய்ச்சி நிதி என்றாலே ராக்கெட், அணு உலை, பெரிய தொலைநோக்கி என்று பேசுகிறோம். அவையும் வேண்டும். அவற்றோடு, பள்ளி ஆய்வகத்தில் இருபது பிள்ளைகளுக்கு ஒரு வெப்பமானி என்ற நிலை மாறவும் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டும். நான் படித்த பள்ளியில் வெப்பமானி பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. உடைந்துவிடும் என்று வெளியே எடுக்கவே மாட்டார்கள். அந்தப் பூட்டு எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

அப்புறம், புகை ஏன் மேலே போகாமல் தரையில் ஊர்கிறது? கரியமில வாயு மூலக்கூறின் எடை 44, காற்றின் சராசரி 29. ஒன்றரை மடங்கு கனமான வாயு, குளிர்ந்திருப்பதால் இன்னும் கனம். அது துளிகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்போலவே பள்ளம் தேடி ஓடுகிறது. அதனால்தான் பரங்கிக்காய்க்குள் வெந்நீர் டம்ளரை வைத்து டிரை ஐஸ் போட்டால் புகை பெரும்பாலும் வாய் வழியாக வருகிறது. மேலே இருக்கும் கண் துவாரங்களுக்கு எட்டுவதில்லை. கண்ணிலும் வர வேண்டுமென்றால் வாயை ஒரு கண்ணாடித்தாளால் பாதி அடைக்க வேண்டும். அப்போது உள்ளே மட்டம் ஏறும். உள்ளே மெழுகுவர்த்தி வைத்திருந்தால் அணைந்துபோகும், பேட்டரி விளக்குதான் சரிப்படும். கடையில் விற்கும் புகை இயந்திரத்தில் கிளைக்கால் அல்லது கிளிசரினும் தண்ணீரும் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஊதுகிறார்கள். அந்தப் புகை சூடானது, மேலே எழும். அதைத் தரையில் ஊர வைக்க ஐஸ் கட்டிகள் நிறைந்த பெட்டி வழியாகச் செலுத்துகிறார்கள்.

புகை ஓரத்தில் கரைந்து மறைவதையும் கவனியுங்கள். வெளிக்காற்றோடு கலந்ததும் துளிகள் மீண்டும் ஆவியாகிவிடுகின்றன. துளி மறைந்தது, வாயு மறையவில்லை. வெண்மை முடியும் இடத்தில் கரியமில வாயுவும் முடிந்துவிட்டது என்று நினைத்தால் ஆபத்து. காற்றில் அதன் சாதாரண அளவு 0.04 சதவீதம், 4 சதவீதத்தைத் தொட்டாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று பணியிடப் பாதுகாப்பு விதிகள் எச்சரிக்கின்றன. 2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஒரு பிறந்தநாள் விருந்தில், கூரையுள்ள நீச்சல் குளத்தில் புகைக்காக டிரை ஐஸைக் கொட்டினார்கள். மூன்று பேர் இறந்துபோனார்கள். ஆகவே திறந்த முற்றத்தில் மட்டும் செய்யுங்கள். நிலவறையில் வேண்டாம், சன்னல் மூடிய காரில் கொண்டுவர வேண்டாம். குழந்தைகளையும் நாய்க்குட்டியையும் புகைக்குள் தரையில் படுக்க விடாதீர்கள், ஏனென்றால் வாயு திரண்டிருப்பது அவர்கள் மூக்கு இருக்கும் உயரத்தில்தான். மூடி இறுகிய பாட்டிலிலோ டப்பாவிலோ போட்டால் வெடிக்கும். வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்ததுபோல் ஆகும்.

விருந்துக் குவளைகளில் புகைக்காக டிரை ஐஸ் துண்டுகளைப் போடுவதும் எனக்குச் சம்மதமில்லை. 2024 மார்ச்சில் குருகிராமில் ஓர் உணவகத்தில், சாப்பாட்டுக்குப் பின் வாய்க்கு மணமூட்டும் பண்டம் என்று நினைத்து டிரை ஐஸைத் தின்றவர்கள் ரத்த வாந்தி எடுத்து மருத்துவமனைக்குப் போனார்கள்.

அந்தக் குழந்தைக்கு ஒரு சோதனை சொல்கிறேன். அப்பா கையுறையும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு கூடவே இருக்க வேண்டும். மூடியில்லாத, ஒளி புகும் இரண்டு பிளாஸ்டிக் ஜாடிகள். ஒன்றில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், இன்னொன்றில் சமையல் எண்ணெய். ஒவ்வொன்றிலும் பட்டாணி அளவு டிரை ஐஸ். மேலே வழியும் புகையைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, ஜாடியின் பக்கவாட்டில் கண்ணை வைத்து, எழும் குமிழிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெயில் குமிழிகள் தெளிவாக இருக்கும். வெந்நீரில் அவை தண்ணீரை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, உள்ளுக்குள் பால்போல் வெளுத்திருக்கும்.