கன்னி மூலைத் தொட்டியும் சோலார் பலகையும்

"தாத்தா காலத்து வீட்டைச் சுண்ணாம்பு பூசிப் புதுப்பித்துவிட்டோம். மாடியில் சோலார் போட்டால் தெருவிலிருந்து அசிங்கமாகத் தெரியுமா?" புதுச்சேரி வைசியாள் வீதிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தெருவிலிருந்து தெரியாது. புதுச்சேரி இருப்பது வடக்கு அட்சரேகை 12 டிகிரியில். பலகையைத் தெற்கு பார்த்து ஏறக்குறைய அவ்வளவு சாய்த்தாலே போதும். டெல்லி என்றால் 28 டிகிரி வரை நிமிர்த்த வேண்டும். இங்கே கிட்டத்தட்டப் படுத்தே கிடப்பதால் கைப்பிடிச் சுவர் மறைத்துவிடும். காற்றுக்கும் பிடி குறைவு. 2011 தானே புயலைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மெட்ராஸ் டெரஸ் தளத்தில் (மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மாடித் தளம்) மட்டும் துளை போடாதீர்கள். மழைநீர் இறங்கித் தேக்கு உத்திரம் உளுத்துப்போகும். கான்கிரீட் கட்டைகளைப் பாரமாக வைக்கலாம், உத்திரம் தாங்குமா என்று பொறியாளர் பார்த்த பிறகு.

சரி, சிக்கல் எங்கே? மறைக்கிற அதே சுவரில்தான். சூரியன் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்துக்குத் தாழும்போது 1 மீட்டர் சுவரின் நிழல் 1.7 மீட்டர் நீளும். ஓரத்தில் கொஞ்சம் நிழல் விழுந்தால் கொஞ்சம்தானே குறையும் என்று நினைப்போம். அப்படியில்லை. பலகைக்குள் பொதுவாக வெயிலை மின்சாரமாக்கும் 60 செல்கள், வரிசையில் நின்று செங்கல் கைமாற்றும் சித்தாட்களைப் போல. ஒருவர் சோர்ந்தால் வரிசையே அவர் வேகத்துக்கு இறங்கிவிடும். போதாக்குறைக்கு, மற்ற செல்கள் தள்ளும் மின்சாரம் நிழலில் மாட்டிய செல்லைச் சூடாக்கிப் பொசுக்கவும் கூடும்.

இதற்காகத்தான் பலகையின் முதுகிலுள்ள சின்னப் பெட்டியில் 3 பைபாஸ் டயோடுகள், ஒவ்வொன்றும் 20 செல்களுக்குக் காவலாக. வெயிலில் அவை தூங்கும். நிழல்பட்ட செல்லில் மின்னழுத்தம் தலைகீழாகப் புரண்டதும், அந்தக் காவல்காரர் விழித்து, 20 செல்களையும் ஒதுக்கிவிட்டு மின்சாரத்தைத் தன் வழியாக அனுப்பிவிடுவார். கட்டளையிட யாரும் இல்லை. அழுத்தம் புரள்வதுதான் கட்டளை!

அந்த 20 செல்கள் பலகையின் நீளவாக்கில் இரண்டு பத்தியாக இருக்கும். நீளப்பக்கம் சுவரை ஒட்டியிருந்தால் ஓர நிழல் ஒரு காவல்காரரை மட்டும் எழுப்பும். மூன்றில் ஒரு பங்குதான் போகும். அகலப்பக்கம் ஒட்டியிருந்தால் மூவரும் எழுந்துவிடுவார்கள், பலகையே வேலைநிறுத்தம். செல்லைப் பாதியாக வெட்டிய புது ரகங்களில் பாதியாவது தேறும்.

அப்புறம், வாஸ்துவுக்காகக் கன்னி மூலையில் உயரமாக ஏற்றி வைத்த தண்ணீர்த் தொட்டி. மார்கழிப் பிற்பகலில் சூரியன் இருப்பதும் அதே தென்மேற்கில்தான். தொட்டியின் நிழல் மாடிக்குக் குறுக்கே படுத்துவிடும். கடலூரில் எங்கள் வீட்டுத் தொட்டியை ஈசானி மூலைக்கு மாற்றினேன். அத்தை அதற்கப்புறம் மாடிப்பக்கமே வரவில்லை.