குளக்கரைப் பாறையும் திரும்பி வரும் நீரும்

இடுப்பு உயரத்துக்கு ஒரு கருங்கல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் உயரம், 80 செ.மீ. அகலம், 70 செ.மீ. கனம். எடை எவ்வளவு இருக்கும்? கண்ணால் பார்த்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பெட்டி போலச் சதுரமாக இருந்தால் 0.56 கன மீட்டர். இயற்கைக் கல்லில் மூலைகள் உருண்டும் உள்வாங்கியும் இருக்கும் என்பதால் அதில் 60 சதவீதம் என்று எடுத்தால் 0.34 கன மீட்டர். கருங்கல் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2,700 கிலோ. ஆக, 900 கிலோவுக்கு மேல் வந்துவிட்டது. ஒரு சிறிய காரின் எடை அது.

இந்தக் கல்லைக் கொல்லைக் குளத்தின் ஓரத்தில் நிறுத்தி, நடுவில் துளை போட்டு, அதன் தலையில் நீர் ஊறி முகத்தில் வழிந்து குளத்தில் விழும்படி செய்ய வேண்டும். கல்லை நிறுத்துவதுதான் பெரிய வேலை என்று தோன்றும். பளு தூக்கும் ஆட்கள் வந்து ஒரே நாளில் அதை முடித்துவிடுவார்கள். மேலே ஏற்றிய நீர் ஒரு சொட்டுக்கூட வழி தவறாமல் குளத்துக்கே திரும்பி வருவதுதான் உண்மையில் கடினமான பகுதி.

முதலில் கல் நிற்கும் இடம். பாரம் வைக்கக் குளத்தின் விளிம்பைவிட மோசமான இடம் கிடையாது. சமதரையில் ஒரு பாரத்தை வைத்தால் அடியில் இருக்கும் மண் பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். சுற்றியுள்ள மண் அதைத் தடுத்து நிறுத்தும். குளக்கரையில் ஒரு பக்கம் தடுக்க ஆளில்லை, வெட்டிய பள்ளம்தான் இருக்கிறது. மண் அந்தப் பக்கம் சரிந்துவிடும். ஈரம் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்தி உரசிக்கொண்டு நிற்பதால்தான் மண்ணுக்குப் பலம். இடுக்குகளை நிரப்பிய நீருக்கு வெளியேற வழியில்லாமல் போனால், பாரத்தில் ஒரு பங்கை அந்த நீர் சுமக்கத் தொடங்கும். நீருக்கு உராய்வு கிடையாது. அது சுமக்கும் பங்கு மண்ணின் பலத்தில் கழிந்துவிடும். இதை 1920களில் தெளிவாக்கியவர் கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர். இன்று மண்ணியல் பொறியியல் என்று படிக்கிற துறையின் அடித்தளமே இந்தக் கருத்துதான்.

எளிய வழி இதுதான்: அந்த இடத்தில் குளம் எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரம் கரையிலிருந்து கல்லைத் தள்ளி வையுங்கள். கல்லின் பாரம் கீழே போகப் போக விரிந்துகொண்டே போகும். இந்தத் தூரம் இருந்தால் குளத்தின் சுவருக்கு அதிகம் சுமை ஏறாது. இல்லை, கல் நீரை ஒட்டியேதான் நிற்க வேண்டும் என்றால், குளத்தின் தரையிலேயே கான்கிரீட் மேடை போட்டு அதிலிருந்து எழுப்புவதுதான் சரி. நீர் மண்ணில் இறங்காமலிருக்க விரிப்பு போட்ட குளத்தில் கல்லுக்கும் ரப்பர் விரிப்புக்கும் நடுவிலும், விரிப்புக்கும் மண்ணுக்கும் நடுவிலும் தடித்த துணிப்படலம் கட்டாயம். விரிப்பின் கனம் ஒரு மி.மீ. சொச்சம்தான். 900 கிலோவும் ஒரு கூர்முனையில் இறங்கினால் அது தாங்காது.

அடித்தளத்துக்கு உடைத்த ஜல்லிதான் நல்லது, கூழாங்கல் வேண்டாம். உடைத்த ஜல்லியின் முனைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். கூழாங்கல் கோலிக்குண்டு போல உருண்டு விலகும். பத்து செ.மீ.க்கு ஒரு அடுக்காகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக்கட்டையால் நன்றாக இறுக்க வேண்டும். கல்லின் அகன்ற பக்கம் கீழே இருக்கட்டும். நான்கைந்து இடங்களில் தொட்டுக்கொண்டு நிற்கும் கல் ஆடும். மூன்று இடங்களில் நன்றாக அமர்ந்த கல் ஆடாது. ஆட்டத்தை நிறுத்த முட்டுக் கொடுக்கிறீர்கள் என்றால் கல் சில்லாலேயே கொடுங்கள். மரக்கட்டை நாளைக்கு மக்கிவிடும். கல்லில் ஐந்தில் ஒரு பங்காவது தரை மட்டத்துக்குக் கீழே போனால்தான் அது அங்கேயே முளைத்த பாறை போலத் தெரியும்.

தூக்கும்போது ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ஒரு கொக்கியிலிருந்து இரண்டு பெல்ட்டுகள் இறங்கிக் கல்லைப் பிடிக்கும். அவை செங்குத்தாக இருந்தால் ஆளுக்குப் பாதி எடை. விரிந்து, கிடைமட்டத்திலிருந்து 30 பாகை அளவுக்குச் சாய்ந்துவிட்டால், ஒவ்வொரு பெல்ட்டும் கல்லின் முழு எடையையும் இழுக்கும். கல் மாறவில்லை, பெல்ட் மாறவில்லை, கோணம் மட்டும்தான் மாறியது. பெல்ட் நீளமாக இருந்தால் கோணம் நிமிரும், இழுவை குறையும். தொங்குகிற கல்லின் அடியில் கையோ காலோ எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது.

கல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் வேதியியலையும் பார்த்துவிடுங்கள். ஒரு ஓரத்தில் நாலு சொட்டு வினிகர் விட்டால் சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் நுரைக்கும். அது விஷமில்லை, ஆனால் நீரின் கடினத்தன்மையை மெல்ல மெல்ல ஏற்றும். எல்லா மீனுக்கும் அது ஒத்துவராது. கல்லில் பொன் போல மின்னும் புள்ளிகள் இருந்தால், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமமாக இருக்கலாம். காற்றும் நீரும் பட்டால் அது துருவாகவும் கந்தக அமிலமாகவும் மாறும். அந்தக் கல்லை விட்டுவிடலாம். குளிர்நாடுகளில் துளைகள் நிறைந்த மணற்கல் வேண்டாம். உறையும் நீர் 9 சதவீதம் விரிந்து கல்லையே பிளந்துவிடும்.

துளை போடுவது வைரப்பொடி பதித்த உருளை பிளேடால். அது கல்லை வெட்டுவதில்லை, தேய்த்துத் தேய்த்து உள்ளே இறங்குகிறது. அதனால் சூடாகும், தூசி பறக்கும். கருங்கல்லில் குவார்ட்ஸ் என்ற கனிமம் இருக்கிறது. அதன் நுண்தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைக் கொடுக்கும். நீர் ஊற்றிக்கொண்டேதான் துளைக்க வேண்டும், முகக்கவசமும் வேண்டும். இதில் சமரசமே கூடாது.

அப்புறம் நீர். விநாடிக்கு ஒரு லிட்டர் ஏற்றுகிறோம் என்று கொள்வோம். உயரம் 1.2 மீட்டர் என்றால், நீரைத் தூக்க மட்டும் தேவைப்படும் ஆற்றல் 12 வாட்தான். பம்ப் இழுப்பது அதைவிடப் பல மடங்கு. பம்புக்குள்ளே வீணாவது ஒரு பங்கு. மீதியில் பெரும்பங்கு குழாயில் போகிறது. 25 மி.மீ. குழாயில் இந்த நீர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும். ஐந்து மீட்டர் நீளக் குழாயில் உராய்வு மட்டுமே ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் தூக்கும் வேலையைத் தின்றுவிடும். அதே நீரை 50 மி.மீ. குழாயில் விட்டால் இழப்பு சில செ.மீ.தான். அளவு மாறாத ஓட்டத்துக்கு, விட்டம் இரட்டித்தால் உராய்வு இழப்பு சுமார் 32-ல் ஒரு பங்காகும். பெரிய பம்ப் வாங்குவதற்கு முன்னால் பெரிய குழாய் வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

துளையின் வாயிலும் இதே கணக்குதான். 25 மி.மீ. வாயிலிருந்து 2 மீட்டர் வேகத்தில் வரும் நீர் ஒரு சாண் உயரத்துக்குப் பீறிடும். வாயை 50 மி.மீ. ஆக்கினால் வேகம் நாலில் ஒன்றாகும், எழும்பும் உயரம் பதினாறில் ஒன்றாகும். அதாவது ஒரு விரற்கடைக்குள். பாறைக்குள்ளிருந்து ஊற்று வருவது போல நீர் கொப்பளித்து மேலெழுவது வேண்டுமென்றால் இதுதான் வழி.

கல்லின் தலையில் ஊறிய நீர், உதடு போன்ற ஒரு விளிம்பின் வழியாக விழும். 30 செ.மீ. அகல உதட்டில் விநாடிக்கு ஒரு லிட்டர் வழிய, உதட்டுக்குச் சற்றுப் பின்னால் நீர் சுமார் 15 மி.மீ. ஆழம் நிற்க வேண்டும். இந்த ஆழத்தில் சிறு மாற்றமும் ஓட்டத்தைப் பெரிதாக மாற்றிவிடும். உதட்டின் ஒரு முனையில் 15 மி.மீ., மறுமுனையில் 10 மி.மீ. இருந்தால், ஆழமான பக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீர் வழியும். வெறும் ஐந்து மி.மீ. சாய்வுக்கு இந்த வித்தியாசம். கல்லை இறுதியாக அமர்த்துவதற்கு முன் உதட்டின்மேல் ரசமட்டம் வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

இந்த உதட்டில்தான் பெரும்பாலான நீர் வழி தவறுகிறது. என் குளத்தில் முதல் வாரம் தினமும் நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. விரிப்பில் ஓட்டை என்று நினைத்து ஓரமெல்லாம் தடவித் தேடினேன். எங்கும் கிழிசல் இல்லை. ஒரு மாலை பாறையின் உதட்டுக்கு அடியில் தற்செயலாகக் கை போனது, உள்ளங்கை நனைந்துவிட்டது. முன்னால் அழகான கண்ணாடித் திரை போல நீர் விழுந்துகொண்டிருந்தது. அதில் ஒரு மெல்லிய இழை மட்டும் உதட்டை விட்டுப் பிரியாமல், அடிப்பக்கமாக வளைந்து, கல்லின் வயிற்றோடு ஒட்டிப் பின்னால் ஓடி, விரிப்புக்கு வெளியே மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

பாத்திரத்தை மெதுவாகச் சாய்த்து ஊற்றினால் நீர் அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வழிவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் ஒன்றுதான். மார்க்கஸ் ரெய்னர் என்ற விஞ்ஞானி 1956-ல் இதற்குத் தேநீர்க் கெண்டி விளைவு என்று பெயரிட்டார். ஒரு வளைவைச் சுற்றி நீர் ஓடும்போது, வளைவை ஒட்டிய பக்கம் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று நீரை வளைவின்மேல் அமுக்கிப் பிடிக்கிறது. கல்லின் மேற்பரப்பு நீரை ஈர்ப்பதும் சேர்ந்துகொள்கிறது. ஓட்டம் மெதுவாக இருந்து விளிம்பு உருண்டிருந்தால் நீர் ஒட்டும். ஓட்டம் வேகமாக இருந்து விளிம்பு கூர்மையாக இருந்தால் பிரிந்து விழும்.

ஒரு மெல்லிய இழைதானே என்று விடக் கூடாது. விநாடிக்கு ஒரு லிட்டரில் நூற்றில் ஒரு பங்கு என்றால் 10 மில்லி. ஒரு நாளுக்கு 864 லிட்டர். மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் குளத்தில் அது 14 செ.மீ. இறக்கம்.

சரி, என்ன செய்வது? சன்ஷேடின் அடியில் ஓரத்தை ஒட்டி ஒரு பள்ளக்கோடு இழுத்திருப்பார்கள். மழைநீர் அதைத் தாண்டிச் சுவருக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடும். அதே போலப் பாறையின் உதட்டுக்கு அடியில், விளிம்பிலிருந்து இரண்டு செ.மீ. உள்ளே தள்ளி, ஒரு விரல் அகலக் கோட்டை அறுத்துவிட்டேன். கோட்டின் கூரான ஓரத்தில் நீர் வளைய முடியாமல் கீழே விழுந்தது. அதோடு விரிப்பையும் பாறையின் அடியில் இன்னும் பின்னுக்கு நீட்டி, வழி தவறும் நீரும் அதன்மேலேயே விழும்படி செய்தேன்.

இன்னொரு திருட்டு வழி உண்டு. விரிப்பின் ஓரத்தை மண் மூடியிருந்தால், மண்ணின் நுண்துளைகள் விளக்குத் திரி போல நீரை உறிஞ்சி வெளியே கடத்தும். நுண்ணிய வண்டலில் நீர் ஒரு மீட்டருக்கும் மேலே ஏறும். ஜல்லியில் சில மி.மீ.தான். அதனால் விரிப்பின் ஓரத்தை நிமிர்த்தி, அதையொட்டி ஜல்லி போட வேண்டும். கரையில் வளரும் பாசியும் இதே வேலையைச் செய்யும். அவ்வப்போது பார்த்து விலக்குங்கள்.

எங்கே கசிகிறது என்று தெரியாவிட்டால், நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு, பம்பை நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் அதே மட்டத்துக்கு நிரப்பி, பம்பை ஓடவிட்டு அளவெடுங்கள். நிறுத்தியபோதும் அதே அளவு இறங்கினால் குளத்தில் குறை. ஓடும்போது மட்டும் கூடுதலாக இறங்கினால் பாறையில் தேடுங்கள். குளத்தில் மீன் இருந்தால் நிறுத்தியிருக்கும் நாளில் காற்றுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் கட்டாயம். புதிய சிமென்ட் பூசியிருந்தால், அதன் காரம் மீனைக் கொல்லும். பலமுறை நீர் மாற்றிக் கழுவிய பிறகுதான் மீன் விட வேண்டும்.

மீனுக்கு இந்தப் பாறை செய்யும் உதவி பெரிது. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 280 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் 20 பாகை செல்சியஸில் 9 மில்லிகிராம்தான் கரையும். 30 பாகையில் ஏழரை. அசையாத நீரில் ஆக்சிஜன் மேற்பரப்பிலிருந்து கீழே இறங்க வெகுநேரம் ஆகும். கல்லில் மெல்லிய படலமாக வழியும்போது நீரின் பெரும்பகுதி காற்றைத் தொட்டுவிடுகிறது. விழும்போது குமிழிகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. இரவில் நீர்ச்செடிகளும் ஆக்சிஜனைத்தான் செலவிடும் என்பதால், விடியலுக்குச் சற்று முன்னால்தான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. இரவில் பம்பை நிறுத்தி மின்சாரம் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

அந்தக் குமிழிகளிடமிருந்துதான் ஓசையும் வருகிறது. நீர் நீரில் மோதுவதால் சத்தம் வருகிறது என்று நினைக்கிறோம். நாம் கேட்கும் சலசலப்பில் பெரும்பகுதி, நீருக்குள் சிக்கிய காற்றுக்குமிழிகள் சுருங்கி விரிந்து அதிர்வதால் வருவது. மார்செல் மின்னார்ட் என்ற வானியலாளர் 1933-ல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு மி.மீ. ஆரக் குமிழி விநாடிக்குச் சுமார் 3,300 முறை அதிரும், மூன்று மி.மீ. குமிழி 1,100 முறை. குமிழி பெருத்தால் சுருதி இறங்கும். வெறும் கல்லில் தெறிக்கும் நீர் சடசடக்கும். ஆழமான நீரில் விழுவது கனத்த குரலில் பேசும்.

இதை எந்தக் கணக்கும் முழுதாகச் சொல்லிவிடாது, காதால்தான் சரிசெய்ய வேண்டும். எல்லா வேலையும் முடிந்த பிறகு முழங்கால் நீரில் நின்று, நீர் விழும் இடத்தில் ஒரு தட்டைக் கல்லை மெல்ல நகர்த்திப் பார்த்தேன். நாலு விரல் தள்ளியதும் இரைச்சல் அடங்கி, ஒரு தாழ்ந்த முணுமுணுப்பு வந்தது. கல்லை அங்கேயே விட்டுவிட்டேன்.