கிட்னியை ஃப்ரீசரில் வைக்க முடியாதா?

"கருவையே வருஷக்கணக்கில் ஃப்ரீஸ் பண்ணி வைக்கிறாங்களே டாக்டர், கிட்னியை வைக்க முடியாதா?" டயாலிசிஸில் இருப்பவர்களின் வீட்டார் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. நியாயமான கேள்வி.

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுக்கும் சிறுநீரகம் ஐஸ் பெட்டியில்தான் வருகிறது. ஆனால் அது உறைந்த உறுப்பல்ல. குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி ரத்தத்தை வெளியேற்றி, அதே திரவத்தில் மூழ்கவைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று ஸ்டெரைல் பைகளில் கட்டிய பிறகே ஐஸில் வைப்போம். ஐஸ் நேரடியாக உறுப்பில் படக்கூடாது; பட்டு உறைந்த திசு பிழைக்காது. இப்படி வைத்தால் இதயம் 4 முதல் 6 மணி நேரம் தாங்கும், கல்லீரல் ஏறக்குறைய 12, சிறுநீரகம் 24 முதல் 36. போக்குவரத்தை நிறுத்தி ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவது அதனால்தான்.

உறைந்தால் என்ன ஆகிறது? நீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் கிழிகின்றன. உறையாமல் மிஞ்சும் நீரில் உப்பு செறிந்து, செல்களில் இருக்கும் நீரை உறிஞ்சிவிடுகிறது. கருவுக்கு இதைத் தவிர்க்க 1985-லேயே வழி கிடைத்தது. ரால், ஃபாஹி என்ற இரு விஞ்ஞானிகள் எலிக்கருவைப் பாதுகாப்பு ரசாயனத்தில் ஊறவைத்து, படிகம் உருவாக அவகாசமே தராத வேகத்தில் குளிர்வித்து, கண்ணாடிபோல் இறுகவைத்தார்கள். கரு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். வெப்பம் நொடியில் ஊடுருவிவிடும். முழுச் சிறுநீரகத்தில் அது நடக்காது.

உண்மையான சிக்கல் குளிர்விப்பதில்கூட இல்லை, திரும்பச் சூடேற்றுவதில் இருக்கிறது. மெதுவாகச் சூடேற்றினால் வழியிலேயே பனிப்படிகம் முளைக்கும். வெளிப்புறம் மட்டும் சூடாகி உட்புறம் குளிர்ந்திருந்தால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடி டம்ளரில் கொதிநீர் ஊற்றியதுபோல் உறுப்பு விரிசல் விடும்.

இதற்கு அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பிஷாஃப், ஃபிங்கர் குழுவினர் கண்ட வழி அழகானது. எலியின் சிறுநீரக ரத்தக்குழாய்களுக்குள் பாதுகாப்பு ரசாயனத்தோடு இரும்பு ஆக்சைடு நுண்துகள்களையும் செலுத்திக் குளிர்வித்தார்கள். எடுக்கும்போது காந்தச் சுருளுக்குள் வைத்தால் துகள்கள் உள்ளிருந்தே சூடாகி, உறுப்பு முழுவதும் ஒரே சீராக வெப்பம் பரவுகிறது. பிறகு துகள்களைக் கழுவி எடுத்துவிடுகிறார்கள். 2023-ல் வெளியான அந்த ஆய்வில், 100 நாள் வரை பாதுகாத்த சிறுநீரகங்களை, சொந்தச் சிறுநீரகங்கள் அகற்றப்பட்ட எலிகளுக்குப் பொருத்தினார்கள். அவை எலிகளை உயிரோடு வைத்தன. இந்தத் துறையில் இவ்வளவு நிறைவான முடிவை நான் முன்பு படித்ததில்லை.

மனிதர்களுக்கும் இது கைகூடினால், பொருத்தம் பார்க்க நாட்கணக்கில் அவகாசம் கிடைக்கும். மனிதருக்குப் பொருத்துவதற்காக மரபணு மாற்றிய பன்றியின் உறுப்பையும் சேமித்து வைக்கலாம். ஆனால் எலியின் சிறுநீரகம் ஒன்றிரண்டு கிராம், நம்முடையது ஏறக்குறைய 150. அந்த ரசாயனங்களுக்கு நச்சுத்தன்மையும் உண்டு.

இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, "அம்மா கிட்னி தரத் தயாராக இருக்காங்க, ஆனா கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பொறுக்க வேண்டாம். டயாலிசிஸில் கழியும் ஒவ்வொரு வருடமும் இதயத்தையும் ரத்தக்குழாய்களையும் கெடுக்கிறது; பிறகு பொருத்தும் சிறுநீரகத்தின் ஆயுளையும் குறைக்கிறது.