உலர் ஒயின் எங்கே உலர்ந்தது? ‘ட்ரோக்கன்’ சொல் விளக்கம்

ஜெர்மன் மீன் சமையல் குறிப்பு ஒன்றின் தமிழாக்கம்: ‘உலர் வெள்ளை ஒயின், 400 மில்லி.’ உலர்ந்ததை எப்படி மில்லியில் அளப்பது? உலர் ஈஸ்ட் தெரியும், உலர் திராட்சை தெரியும், உலர் சலவையும் தெரியும். உலர் ஒயின் என்றால் பொடியா, வில்லையா, தண்ணீரில் கரைத்துக் குடிப்பதா? ஒருமுறை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். சமையல் குறிப்பு, பயணக் கட்டுரை, மது அறிமுகம் என்று எதைத் திறந்தாலும் இதே ‘உலர்’ வந்து நிற்பதால்தான் இந்த விளக்கம்.

பாட்டிலில் இருக்கும் ஜெர்மன் சொல் ‘ட்ரோக்கன்’. ஈரமில்லாத, காய்ந்த என்பது முதற்பொருள். ஆங்கில ‘டிரை’ இதற்கு உறவு. பிரெஞ்சின் ‘செக்’, இத்தாலியின் ‘செக்கோ’ இரண்டும் லத்தீன் ‘சிக்குஸ்’ வழி வந்தவை. அவற்றுக்கும் காய்ந்தது என்றே பொருள். இந்த மொழிகளில் எல்லாம் காய்ந்ததைச் சொல்லும் சொல்லுக்கு ‘இனிப்பு இல்லாத’ என்ற இரண்டாம் பொருளும் ஏறிவிட்டது. தமிழ் ‘உலர்’ என்ற சொல்லுக்கு அது ஏறவில்லை. பிறப்பு வரலாறு இவ்வளவு போதும்.

ஒயின் எப்படி ட்ரோக்கன் ஆகிறது என்பதைப் பார்த்தால் சொல் தானே வரும். திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹால் ஆக்குகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் ஆல்கஹால் 1 சதவீதம் ஏறும். ஈஸ்டைக் கடைசிவரை தின்னவிட்டால் ஒயினில் இனிப்பு மிஞ்சாது. நடுவில் குளிரவைத்து, வடிகட்டி, ஈஸ்டை நீக்கினால் மிஞ்சும். மிஞ்சியது எவ்வளவு என்பதைத்தான் பாட்டிலின் முகப்புச்சீட்டு சொல்கிறது. லிட்டருக்கு 4 கிராம் வரை என்றால் ட்ரோக்கன் எனலாம். புளிப்பு போதிய அளவு இருந்தால் 9 கிராம் வரை போகலாம். ஆனால் சர்க்கரை, புளிப்பின் அளவைவிட 2 கிராமுக்கு மேல் கூடிவிடக் கூடாது. புளிப்பு 6 கிராம் என்றால் சர்க்கரை 8 வரை. 7 அல்லது அதற்கு மேல் என்றால் 9 வரை. ரீஸ்லிங் இயல்பிலேயே புளிப்பு மிகுந்த திராட்சை. அதனால் 9 கிராமைத் தாங்கியும் நாக்குக்கு இனிக்காது. ஆக, நடந்தது இனிப்பு தீர்ந்துபோனது. ஈரம் அப்படியேதான் இருக்கிறது, கண்ணாடிக் கோப்பை நிறைய.

‘உலர்’ பிடிவாதக்காரர்களின் வாதம் ஒன்று உண்டு: பொருள் பழகப் பழக ஏறும், ஆங்கிலத்தில் ஏறவில்லையா என்பார்கள். ஏறலாம், அந்த இடம் காலியாக இருந்தால். தமிழில் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். திராட்சைக்குப் பக்கத்தில் ‘உலர்’ வந்தால் அது பாயசத்தில் நெய்யில் பொரித்துப் போடும் உலர் திராட்சைதான். ‘உலர் திராட்சை ஒயின்’ என்று எழுதினால் உலர்ந்த திராட்சையில் செய்த ஒயின் என்றுதான் எந்தத் தமிழரும் படிப்பார். அப்படிப் படிப்பது தவறும் அல்ல. அப்படி ஒரு ஒயின் நிஜமாகவே இருக்கிறது. குழப்பம் முற்றுவது அங்கேதான்.

ஜெர்மனியில் ‘ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேஸ’ என்றொரு தரம் உண்டு. நீளமான சொல், பிரித்தால் எளிது. ட்ரோக்கன் காய்ந்த, பேரன் மணிகள், அவுஸ்லேஸ பொறுக்கி எடுத்தது. கொடியிலேயே வற்றிச் சுருங்கிய திராட்சை மணிகளைப் பொறுக்கிச் செய்த ஒயின். பொட்ரைட்டிஸ் என்னும் பூஞ்சை தோலைத் துளைக்கிறது, நீர் ஆவியாகிறது, சர்க்கரை செறிகிறது. பிழியும் சாற்றின் அடர்த்தி குறைந்தது 150 ஓக்ஸ்லே இருக்க வேண்டும், அதாவது ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் தண்ணீரைவிட 150 கிராம் கனமாக. அவ்வளவு சர்க்கரையை ஈஸ்டால் தின்று தீர்க்க முடியாது. மிஞ்சும் இனிப்பு பல பாட்டில்களில் லிட்டருக்கு 200 கிராமையும் தாண்டும். தேன்போல் சொட்டும் இந்த ஒயினின் பெயரில் ட்ரோக்கன் இருக்கிறது; பக்கத்துப் பாட்டிலில் துளி இனிப்பில்லாத ரீஸ்லிங்கின் முகப்பிலும் ட்ரோக்கன் இருக்கிறது. முன்னதில் காய்ந்தது மணி. பின்னதில் தீர்ந்தது இனிப்பு. இரண்டுக்கும் ‘உலர்’ என்று ஒரே சொல்லை ஒட்டும் மொழிபெயர்ப்பாளர், பொரித்த மீனுக்குப் பக்கத்தில் தேன்பாகை வைக்கச் சொல்கிறார்.

‘உலர்’ பொருந்தும் ஒரே இடமான இந்தப் பெயரைக்கூட ‘உலர் பெர்ரித் தேர்வு’ என்று பாதி ஆங்கிலத்தில் எழுதுவது தனி வேடிக்கை. ஜெர்மன் ‘பேர’ இங்கே குறிப்பது குலையிலுள்ள ஒரு மணியை. ஸ்ட்ராபெரி, புளூபெரி வகையறாவை அல்ல. ‘வற்றல்மணித் தேர்வு’ என்று சொல்லலாம். சுண்டைக்காய் வற்றலும் மிளகாய் வற்றலும் தெரிந்த வீட்டில் இதற்கு அகராதி வேண்டாம்.

வரலாற்றிலும் இந்த முடிச்சு உண்டு. ஜெர்மானியர் தங்கள் நுரைக்கும் ஒயினை ‘செக்ட்’ என்கிறார்கள். அதன் பழைய வடிவம் ‘செக்’; பிரெஞ்சு வழியாக இத்தாலிய ‘வீனோ செக்கோ’விலிருந்து வந்தது. அந்த வீனோ செக்கோ, காய்ந்த திராட்சையில் செய்த கெட்டியான இனிப்பு ஒயின். காய்ந்தது என்ற சொல் ஒரு காலத்தில் இனிப்பைக் குறித்து, இன்று இனிப்பின்மையைக் குறிக்கிறது. ஐரோப்பாவிலேயே இப்படிக் குட்டிக்கரணம் போட்ட சொல்லை, வேர்ப்பொருள் பார்த்துத் தமிழாக்குவேன் என்று கிளம்புவது வீண் வேலை.

அடுத்த போட்டிச் சொல் ‘துவர்ப்பு ஒயின்’. ‘உலர்’ சரியில்லை என்று உணர்ந்த சிலர் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். நாக்கு வறள்வதுபோல் இருக்குமே, அதைத்தானே சொல்கிறார்கள் என்பது நியாயம். துவர்ப்பு டானின் என்னும் வேதிப்பொருளால் வருவது. அது திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கிறது. சிவப்பு ஒயின் தோலோடு நொதிப்பதால் துவர்க்கும். வெள்ளை ஒயினுக்கு முதலிலேயே சாற்றைப் பிழிந்து தோலை ஒதுக்கிவிடுவார்கள். துவர்ப்புக்கு இடமே குறைவு. ட்ரோக்கன் ரீஸ்லிங்கை ஒரு வாய் குடித்தால் புளிப்பில் கன்னத்தின் இரு பக்கமும் எச்சில் ஊறும். வாயை வறளவைக்கும் வாழைப்பூவின் துவர்ப்பையும் வாயூறும் மாங்காய்ப் புளிப்பையும் தனித்தனியே சொல்லத் தெரிந்த மொழி நம்முடையது. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்ப ஒரு கலைச்சொல் எதற்கு?

மூன்றாவது, ‘இனிப்படங்கிய’. காதுக்கு நன்றாக இருக்கிறது. சினம் அடங்கியது, பசி அடங்கியது என்ற வழக்கும் துணைக்கு வரும். ஆனால் ‘புரதம் அடங்கிய உணவு’ என்று தினமும் படிக்கிற கண், ‘இனிப்பு அடங்கிய ஒயின்’ என்றால் இனிப்பைக் கொண்ட ஒயின் என்றே எடுத்துக்கொள்ளும். நேர் எதிர்ப்பொருள். கலைச்சொல் ஆக்குகிறவர் உருவாக்கிய சொல்லை ஒருமுறை உரக்கப் படித்தாலே இது பிடிபடும்.

ஒயின் என்ற சொல்லே வேண்டாம், ‘தேறல்’ என்க என்பவர்களும் உண்டு. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் புறநானூறு பேசுகிறது. திராட்சை மதுவுக்கு அதைவிட மதிப்பான சான்று கிடைக்காது. ஆனால் தேறல் தெளிந்த கள்ளுக்கும் பெயர். எழுதுகிற இடம் கவிதை என்றால் தேறல், கடையும் சமையலறையும் என்றால் ஒயின். தூய்மையில் காட்டும் அக்கறையைப் பொருளிலும் காட்டினால் ‘உலர் தேறல்’ என்ற இரட்டைக் கோளாறு பிறந்தே இராது.

ட்ரோக்கனுக்குத் தமிழ் ‘இனிப்பற்ற’. இனிப்பற்ற வெள்ளை ஒயின், இனிப்பற்ற ரீஸ்லிங். 9 கிராம் சர்க்கரை இருக்கும்போது ‘அற்ற’ எனலாமா என்று கேட்பார்கள். 100 மில்லி கோப்பையில் அது 0.9 கிராம், கால் தேக்கரண்டிகூட இல்லை, அதுவும் புளிப்பால் மறைந்தது. இனிப்பு என்பது நாக்கின் சொல், சர்க்கரை என்பது ஆய்வகத்தின் சொல். ‘சர்க்கரையற்ற’ என்று எழுதினால் பொய். நீரிழிவு உள்ளவர் நம்பிவிடுவார். ‘இனிப்பற்ற’ பொய் அல்ல.

அடுத்த படிகள் இனி எளிது. ‘ஹால்ப்ட்ரோக்கன்’ 12 கிராம் வரை, புளிப்பு தாங்கினால் 18 வரை. இதை ‘அரை உலர்’ என்பது, மழைக்குப் பயந்து கொடியிலிருந்து எடுத்த வேட்டியைச் சொல்வதுபோல் இருக்கிறது. ‘இளவினிப்பு’ என்க. அதற்கு மேல் 45 கிராம் வரை ‘லீப்லிஹ்’. அகராதியில் அன்பான, இனிய என்று இருக்கும். ஒயின் யாரிடமும் அன்பாக இருக்கத் தேவையில்லை, ‘நடு இனிப்பு’ போதும். 45 முதல் ‘சூஸ்’, அதாவது இனிப்பு. ‘ஃபைன்ஹெர்ப்’ என்பதற்குச் சட்ட எல்லை கிடையாது. பெரும்பாலும் இளவினிப்புப் பக்கம் நிற்கும். ஆங்கிலக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் அந்த ‘ஹெர்ப்’ மூலிகையாகத் தெரியும். ஜெர்மனில் அது சற்றே கசந்த, புளித்த சுவை. மூலிகை ஒயின் என்று எழுதிவிடாதீர்கள்.

சொல் தவறினால் சாப்பாடும் தவறும். முதலில் சொன்ன 400 மில்லிக்கு வருவோம். ட்சாண்டர் என்ற நன்னீர் மீனுக்கு வெண்ணெய்ச் சாறு செய்ய, சின்ன வெங்காயத்தோடு ஒயினை 100 மில்லியாகச் சுண்டவைத்து, அடுப்பைத் தணித்து, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டுதுண்டாகச் சேர்த்து அடிப்பார்கள். 4 கிராம் சர்க்கரையுள்ள ஒயின் சுண்டினால் அந்த 100 மில்லியில் 1.6 கிராம்தான். ‘உலர்’ புரியாமல் கையில் கிடைத்த 40 கிராம் லீப்லிஹை ஊற்றினால் 16 கிராம், ஏறத்தாழ நான்கு தேக்கரண்டி. சாறு பாகாகிவிடும். எலுமிச்சை பிழிந்தால் சரியாகாது. கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

வசந்தத்தில் வரும் வெள்ளை அஸ்பராகசுக்கு ஃபிராங்கன் பகுதியின் இனிப்பற்ற சில்வானர் (அதுவும் ஒரு வெள்ளைத் திராட்சை வகை), தட்டையான வட்டப் பாட்டிலில் வருவது. அங்கே ‘ஃப்ரெங்கிஷ் ட்ரோக்கன்’ என்றால் 4 கிராமுக்குள் என்பது ஊர் வழக்கு. அஸ்பராகசின் மெல்லிய கசப்பை ரீஸ்லிங்கின் கூர்ப்புளிப்பு கிளறிவிடும், சில்வானர் சாந்தம். மிளகாய் தூக்கலான உணவுக்கோ 13 சதவீத ட்ரோக்கன் வேண்டாம்: ஆல்கஹால் காரத்தின் எரிச்சலைக் கூட்டும். மோஸல் பகுதியின் ‘காபினெட்’ என்னும் இலேசான தரத்து ஒயினில் 8 சதவீதம் உள்ளதை எடுத்தால், அதன் இனிப்பு எரிச்சலைத் தணிக்கும். ஜெர்மனியில் இருக்கும் தமிழ் வீடுகளில் நண்டுக் கறிக்கு இதையே வைக்கலாம். நீலப் பூஞ்சைப் பாலாடைக்கட்டியின் உப்புக்கு ‘அவுஸ்லேஸ’ தரத்து இனிப்பு ஒயின். பலகாரத்துக்கு, பலகாரத்தைவிட இனிப்பு குறைந்த எதை வைத்தாலும் ஒயின் வெறும் புளித்தண்ணீராகத் தெரியும்.

முகப்புச்சீட்டில் இனிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாவிட்டால் ஆல்கஹால் எண்ணைப் பாருங்கள். ‘ஷ்பேட்லேஸ’, அதாவது பிந்திய அறுவடை, சாற்றின் தரத்தைச் சொல்லும், இனிப்பைச் சொல்லாது. 8 சதவீதம் என்றால் சர்க்கரை நிறைய மிஞ்சியிருக்கிறது. 12, 12.5 என்றால் பெரும்பாலும் தின்று தீர்த்தாயிற்று.

இவ்வளவும் நுரைக்காத ஒயினுக்கு. செக்ட் பாட்டிலில் அதே ‘ட்ரோக்கன்’ இருந்தால் கணக்கு வேறு: லிட்டருக்கு 17 முதல் 32 கிராம். நாக்குக்குத் தெளிவாக இனிக்கும். ‘எக்ஸ்ட்ரா ட்ரோக்கன்’ 12 முதல் 17. இனிப்பற்ற செக்ட் வேண்டுமானால் ‘ப்ரூட்’ என்று தேட வேண்டும், அது 12 கிராமுக்குள். ஆகவே செக்ட் ட்ரோக்கனை ‘இனிப்பற்ற’ என்று மொழிபெயர்ப்பதும் தவறு. ‘இனிப்பு செக்ட்’ என்று எழுதி, பக்கத்தில் கிராமைப் போடுங்கள்.