நிலம் வாங்க வங்கிக்கு வெளியே கடன்: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

கையில் பாதிப் பணம் இருக்கும், மீதிக்கு வங்கி கை விரித்திருக்கும். ராமநாதபுரம் கடற்கரையோரம் நிலம் வாங்குகிறவர்கள் பலர் வந்து நிற்கும் இடம் இதுதான். வீட்டுக் கடன் என்பது வீட்டுக்கு, அல்லது அங்கீகாரம் பெற்ற மனைக்கு. பனங்காடாகக் கிடக்கும் புஞ்சையை விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட அது கிடைக்காது. கடன் வாராக் கடனானாலும், ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமல் வங்கியே கைப்பற்ற வழிசெய்யும் சர்பாசி சட்டத்தின் கீழ் விவசாய நிலத்தில் கைவைக்க முடியாது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் இன்னொரு தடை. 2011 அறிவிக்கைப்படி, மீனவர் குடியிருப்புக்கான சில விலக்குகள் தவிர, கிராமப் பகுதியில் உச்ச அலைக் கோட்டிலிருந்து, அதாவது ஓதம் ஏறும்போது கடல்நீர் வந்து தொடும் எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமங்களுக்கு இதை 50 மீட்டராகக் குறைத்தது. உங்கள் சர்வே எண் எதில் வருகிறது என்பதை அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், தரகர் வாய்வார்த்தையில் அல்ல.

ஆகவே வங்கி ஏன் மறுத்தது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வருமானச் சான்று போதவில்லை என்றால் வேறு வழி தேடலாம். தாய்ப்பத்திரத் தொடர்ச்சி இல்லை, பட்டா வேறு பெயரில் இருக்கிறது, கோயில் நிலம் அல்லது வக்பு நிலம் என்று சொன்னால், விட வேண்டியது அந்த நிலத்தைத்தான். ராமநாதபுரம் சமஸ்தானத்தின் கீழ் இருந்த சீமை இது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு பட்டா யார் பெயருக்கு வந்தது என்பதிலிருந்து இன்றுவரை காகிதம் அறுபடாமல் வர வேண்டும்.

குறுகிய கால இடைவெளிக்கு நகைக்கடன்தான் சுத்தமானது. பத்திரம் எதுவும் சிக்காது, நிலத்தின் மேல் வில்லங்கம் ஏறாது. சொந்த வீடு அல்லது கடையை வைத்து வங்கியல்லா நிதி நிறுவனத்தில் வாங்கும் கடன் அடுத்தது. அங்கே ‘பிளாட்’ வட்டி, அதாவது அசல் குறைந்தாலும் கடைசிவரை முழுத் தொகைக்கும் வட்டி, என்று சொன்னால் நிதானியுங்கள். 5 லட்சத்துக்கு 12 சதவீத பிளாட் வட்டியில் 36 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 18,890 ரூபாய். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 21 சதவீதம். 2024 அக்டோபர் 1 முதல் இத்தகைய கடன்களுக்கு, எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளை உங்களுக்குப் புரியும் மொழியில் தந்தாக வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

சீட்டு என்றால் பதிவு செய்த சீட்டு மட்டும். 25 பேர், 25 மாதம், மாதம் 20,000 கட்டும் 5 லட்சம் சீட்டை மூன்றாம் மாதம் 30 சதவீதத் தள்ளுபடியில் எடுத்தால் கைக்கு வருவது 3,50,000. தள்ளுபடியான 1,50,000இல், சீட்டுத் தொகையில் 5 சதவீதமான நடத்துநர் கமிஷன் 25,000 போக, மீதி எல்லோருக்கும் கழிவாகப் பிரியும், ஆளுக்கு 5,000. பலர் உச்சத் தள்ளுபடிக்குக் கேட்டால் குலுக்கல்தான். ஜாமீன் கேட்டு அலைவதில் வாரங்கள் போகும். மூன்று மாதக் கெடு வைத்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டுச் சீட்டை நம்பி இருப்பது ஆபத்து.

தனியாரிடம் வாங்கும் கடனில்தான் நிலம் கைமாறிப் போகிறது. கணக்கையே முதலில் பாருங்கள். சென்ட் 40,000 வீதம் 20 சென்ட், 8 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தில் 72,000. இதில் 5 லட்சத்தை நூற்றுக்கு ரெண்டு வட்டியில் வாங்கினால் மாதம் 10,000, மூன்று வருடத்தில் 3,60,000. சென்ட் 61,600க்கு விற்றால்தான் போட்ட பணமே திரும்பும். மூன்று வருடத்தில் விலை பாதிக்கு மேல் ஏற வேண்டும் என்று அர்த்தம்.

வட்டியைவிட மோசம், ஈடாகக் கேட்கும் பத்திரம். “அடமானம் எழுதினால் வம்பு, கிரயமாகவே போட்டுடுங்க, பணம் கட்டினதும் மறுகிரயம் பண்ணித் தர்றேன்” என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். கிரயம் பதிவான அன்றே பட்டா மாற்ற அவருக்கு உரிமை வந்துவிடுகிறது. மறுநாளே மூன்றாம் ஆளுக்கு விற்கலாம். திருப்பித் தருவேன் என்ற நிபந்தனை அதே பத்திரத்துக்குள் இருந்தால்தான் சட்டம் அதை நிபந்தனைக் கிரய அடமானமாகப் பார்க்கும். தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்வது உதவாது. பொது அதிகாரம், அதாவது ‘பவர்’ எழுதிக் கொடுப்பதும் இதே குழிதான். வெற்றுக் காசோலை, தொகை நிரப்பாத புரோநோட்டு எதிலும் கையெழுத்து வேண்டாம்.

கேட்க வேண்டியது பதிவு செய்த அடமானப் பத்திரம்: அசல், வட்டி, கெடு, தவணை எல்லாம் எழுதி, இரண்டு சாட்சிகளோடு. கடன் தருகிறவர் நிலத்தை அனுபவிக்க விரும்பினால் ஒத்தி எழுதலாம். தேங்காய், பதநீர் வருமானம் வட்டிக்கு ஈடா, அசலிலும் கழியுமா என்பதைப் பத்திரத்திலேயே தெளிவாக்குங்கள். வாங்குவதும் கட்டுவதும் வங்கி வழியாக இருக்கட்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடனோ நில அட்வான்ஸோ பெற்றால், வருமான வரிச் சட்டப்படி பெற்றவருக்கு அதே அளவு தொகை அபராதமாக விழலாம். மீட்டர் வட்டி, கந்துவட்டி என்று மிரட்டினால் 2003 அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. புகாருக்குக் காசோலை நகலும் வங்கிக் கணக்கு விவரமும் கையில் இருக்க வேண்டும்.

விற்பவரே தவணைக்கு ஒத்துக்கொண்டால் நல்லதுதான். ஆனால் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம். கெடு தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் நிலத்தைக் கேட்கும் உரிமை போய்விடும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகளில் இடமில்லை. ஊரில் உள்ள மச்சான் பெயரில் வாங்கிப் போட்டால் பத்திரத்தில் உரிமையாளர் மச்சான்தான்.

கடன் அடைந்ததும் அசல் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வங்கியும் நிதி நிறுவனமும் 30 நாளில் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. தனியாரிடம், கடைசித் தவணை கட்டும் அன்றே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அவரையும் அழைத்துப்போய் அடமான ரத்து ரசீதைப் பதியுங்கள். சில நாள் கழித்து வில்லங்கச் சான்று போட்டு, அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.